காக்கா ஆழி எந்தத் துறையின் பொறுப்பு? கப்பல் துறைக்கு எண்ணூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மத்திய துறைமுகங்கள், கப்பல், நீர்வழிப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும்,

வணக்கம்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தில் காக்கா ஆழி பரவிய சேதி உங்கள் காதுக்கும் வந்திருக்கும். இது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சிப்பி. கருத்த ஓடு, சின்ன உருவம். ஆராய்ச்சியாளர்கள் இதை மைட்டெல்லா ஸ்ட்ரைகாட்டா என்கிறார்கள். சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடலோரம். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஆசியாவில் கால் ஊன்றி, கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் வேம்பநாட்டிலும் பெருகி, எங்கள் ஆற்றிலும் பழவேற்காட்டுப் பக்கமும் வந்து உட்கார்ந்துவிட்டது. இதை எப்படி அள்ளுவது, செலவு யாருடையது என்று மாநில அரசுத் துறைகளும் பசுமைத் தீர்ப்பாயமும் பேசிக்கொண்டிருக்கின்றன. அது நடக்கட்டும். இப்படிப்பட்ட அந்நிய உயிர்கள் கப்பல்களோடுதான் ஊர் விட்டு ஊர் வருகின்றன. அடுத்த ஆழி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டெல்லியிலும் மும்பையிலும் இருந்து பார்த்தால் இது வெறும் சிப்பி. இங்கே ஆற்றின் அடி முழுவதும் சிமெண்ட் தளம் போட்டது போல ஆகிவிடுகிறது. ஆழி மெல்லிய நூல்களை விட்டு ஒன்றோடொன்று பிணைந்து சேற்றை மூடுகிறது. இறாலுக்குப் புதைய சேறு வேண்டும், நண்டுக்கும் வேண்டும். ஏற்கெனவே இருந்த மட்டிகள் அதன் அடியில் மூச்சு முட்டிச் சாகின்றன. பாடு வைத்து, அதாவது முறை போட்டு, வலை இழுப்பவர்களுக்கு வலை கிழிகிறது. படகும் வலையும் இல்லாமல் ஆற்றில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் நிலைமைதான் மோசம். அவர்களுடைய முதலீடே விரல்கள்தான், அந்த விரல்களை ஆழியின் ஓடு கிழிக்கிறது. எங்கள் ஆறு இதற்கு முன்னால் சுத்தமாக இருந்தது என்று நான் கதை விடவில்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் அதை நோயாளியாக்கி வெகு காலமாகிறது. நோயாளியைத்தான் தொற்று சீக்கிரம் பிடிக்கும்.

சரி, இது எந்தக் கப்பலில் வந்தது? கையைக் காட்டி யாரும் சொல்ல முடியாது. "எங்கள் கப்பலில்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஒரு துறைமுகம் கேட்டால் மீனவரிடம் பதில் இருக்காது. ஆனால் ஆதாரம் ஏன் இல்லை? துறைமுகத்தின் தூண்களிலும் சுவர்களிலும் அடிச்சேற்றிலும் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று முறையாக, தொடர்ந்து கணக்கெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால், எந்த வருடம் எது புதிதாக வந்தது என்று தெரிந்திருக்கும். பதிவேடு வைக்க வேண்டிய பக்கம் அதை வைக்காமல் விட்டுவிட்டு, பாதிக்கப்பட்ட பக்கத்திடம் ஆதாரம் கேட்பது நியாயமில்லை.

கணக்கெடுப்பின் அருமைக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் நல்ல சாட்சி. 1998 செப்டம்பரில் அங்கே துறைமுகப் பகுதியை ஆய்வு செய்தபோது கருவரி ஆழி என்ற அந்நிய இனம் இல்லை. 1999 மார்ச் இறுதியில் மறுபடி பார்த்தபோது கல்லன் பே படகுத்துறையில் ஒரு சதுர மீட்டருக்கு 20,000-க்கும் மேல் ஒட்டிக்கிடந்தது. ஆறே மாதம்! முதல் கணக்கு கையில் இருந்ததால் இது புது வரவு என்று உடனே தெரிந்தது. படகுத்துறைகளின் மதகுகளை மூடினார்கள், குளோரினும் தாமிர சல்பேட்டும் கொட்டினார்கள், அங்கே வந்துபோன படகுகளைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். சில வாரங்களில் ஒழித்தே விட்டார்கள். மதகு இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம், எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கதவு கிடையாது. அதனால்தான் எங்களுக்கு முன்கூட்டியே தெரிவது இன்னும் முக்கியம்.

இதே கருவரி ஆழி நம் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1967-லேயே பதிவாகியிருக்கிறது. டார்வினுக்கு முப்பது வருடம் முன்னால் நமக்குப் பாடம் வந்துவிட்டது. கப்பல்கள் ஏற்றி இறக்கும் நீர் வழியே அந்நிய உயிர்கள் பரவுவதைத் தடுக்க 2000-ல் தொடங்கிய சர்வதேச கடல்சார் அமைப்பின் குளோபல்லாஸ்ட் திட்டத்தில் முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மும்பையில்தான் அந்த வேலை நடந்தது. ஆக, எப்படிச் செய்வது என்று தெரியாத நாடில்லை நாம்.

பல்லாஸ்ட் தண்ணீர் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்கில்லாத கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீரை ஏற்றிக்கொள்கிறது, சரக்கேற்றும் இடத்தில் அதை வெளியே விடுகிறது. அந்த நீரில் குஞ்சுகளும் முட்டைகளும் பயணம் செய்கின்றன. இதற்கான சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8-ல் நடைமுறைக்கு வந்தது. இதில் இந்தியா சேர 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நல்லது. ஆனால் ஒப்பந்தத்தை வரிக்கு வரி பின்பற்றினால்கூட எண்ணூருக்குப் பாதிப் பாதுகாப்புதான் என்பது என் கணக்கு.

ஏனென்றால் எண்ணூருக்கு வருவதில் பெரும்பங்கு நிலக்கரி. நிலக்கரியோடு வரும் கப்பல் இங்கே அதிகம் பல்லாஸ்ட் விடாது, இறக்கிவிட்டுப் போகும்போது இங்கிருந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒடிசாவின் பாராதீப்பிலிருந்து வரும் நிலக்கரிக் கப்பல் திரும்பும்போது எண்ணூர் நீரை, அதில் காக்கா ஆழியின் குஞ்சுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து, மகாநதி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அதற்குச் சற்று வடக்கேதான் பிதர்கனிகா அலையாத்திக் காடு. கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி நீரை மாற்ற வேண்டும் என்ற பழைய விதி கரையோரமாகவே போய்வரும் கப்பலுக்குப் பொருந்தி வராது. ஒரே நாட்டின் கடலுக்குள் மட்டும் ஓடும் அந்நாட்டுக் கப்பல்களுக்குப் பொதுவாக ஒப்பந்தமே விலக்கு தருகிறது. அந்த விலக்கு கேடு செய்யும் என்று கருதினால் நாடு அதை மறுக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த முடிவு உங்கள் மேசையில்தான் எடுக்கப்பட வேண்டும். ஒரு தொற்றுள்ள துறைமுகத்திலிருந்து இன்னொரு இந்தியத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலுக்கு விலக்கு கூடாது. இதை முதலில் செய்யுங்கள்.

அப்புறம் கப்பலின் அடிப்பகுதி. ஆழி போன்றவை கப்பலின் மேல்தோலிலும் கடல்நீர் உறிஞ்சும் துவாரங்களிலும் ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போகும். பல்லாஸ்ட் ஒப்பந்தம் இதைத் தொடுவதில்லை. சர்வதேச கடல்சார் அமைப்பு 2011-ல் வெளியிட்டு 2023-ல் திருத்திய வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, ஆனால் அவை கட்டாயமில்லை. நியூசிலாந்து காத்திருக்கவில்லை, 2018 மே மாதம் முதல் சுத்தமான அடிப்பகுதியோடுதான் வர வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டது. 2022 டிசம்பரில் வைக்கிங் ஓரியன் என்ற சொகுசுக் கப்பல் அந்த விதியால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருகே நின்று அடிப்பகுதியைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. உள்ளே இருந்த பயணிகள் கோபப்பட்டார்கள், ஆனாலும் விதி தளரவில்லை. நியூசிலாந்தின் முக்கியத் துறைமுகங்களில் ஆண்டுக்கு இருமுறை அந்நிய இனங்களைத் தேடுகிறார்கள். அவ்வளவு செய்தும் 2021-ல் கிரேட் பேரியர் தீவில் அந்நிய கௌலெர்ப்பா பாசி பிடித்துவிட்டது. எந்த ஏற்பாட்டிலும் ஓட்டை விழும்தான். ஆனால் அங்கே புதிதாக ஒன்றைப் பார்த்த மீனவருக்கு யாருக்குப் போன் போட வேண்டும் என்று தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் நமக்கும் அது தெரியும். 2017 ஜனவரியில் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய கூத்தை நாடே பார்த்தது. செய்த விதத்தைக் குறை சொல்லலாம். ஆனால் கடலில் எண்ணெய் கசிந்தால் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது, ஒருங்கிணைக்க வேண்டியது கடலோரக் காவல்படை என்று அதில் எழுதியிருக்கிறது. உயிருள்ள ஒன்று கசிந்தால்? துறைமுகம் உங்களைக் காட்டும், நீங்கள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தைக் காட்டலாம், அவர்கள் மாநிலத்தைக் காட்டலாம், மாநிலத்தில் நீர்வளம், மீன்வளம், வனம் என்று மூன்று துறை. இத்தனைக்கும் எண்ணெய் காலப்போக்கில் குறையும், ஆழி குட்டி போடும். இதற்கும் ஒரே ஒரு அமைப்பைப் பொறுப்பாக்கி, அதன் பெயரைத் துறைமுக வாசலிலும் மீன் இறங்குதளத்திலும் எழுதி வையுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். துறைமுகத்துக்குள் வரும் ஒவ்வொரு கப்பலும் ஏற்கெனவே கட்டணம் கட்டுகிறது. அதில் ஒரு சிறு பங்கைக் கணக்கெடுப்புக்கும், பரவினால் அகற்றுவதற்கும், வேலை இழந்தவர்களுக்கான இழப்பீட்டுக்கும் தனியாக எடுத்து வைக்கலாம். சரக்கில் வரும் லாபம் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் போகும்போது, அதோடு ஒட்டிவந்த செலவு மட்டும் ஆற்றில் இறங்கும் இருளர் தலையில் விழ வேண்டுமா?

எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னைத் துறைமுகங்களில் கணக்கெடுப்பை இந்த வருட மழைக்கு முன்னால் தொடங்குங்கள். வெள்ளம் வந்து உப்பு குறையும்போது எது சாகிறது, எது தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஆய்வாளர்களோடு காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களையும் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். ஆற்றில் தினமும் கைவைப்பவர்கள் கண்ணில்தான் புதிய உயிர் எதுவும் முதலில் படும். முடிவுகளைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
எண்ணூர்வாசி ஒருவன்