மதிலோரப் பூம்பாத்தியைச் சீரமைத்தல் தொடர்பாகப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பள்ளி மதிலை ஒட்டிய பூம்பாத்தி, புதிய வகுப்பறைகள் கட்டிய நாள் தொட்டுக் கவனிப்பாரின்றிக் கிடப்பதை அறிவீர்கள். புரட்டாசிக்குள் அதைத் திருத்தி, ஐப்பசி மழையில் மறுபடியும் செடி வைக்கவிருக்கிறோம். செய்தி அறிந்த சிலர் இப்போதே நர்சரியில் கன்று வாங்கி அனுப்பியிருப்பது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் மண் சரியாகும் வரை கன்றுகள் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அப்பாத்தியில் சிமெண்டுக் கலவையும் காரைத் துண்டுகளும் புதைந்துள்ளன. அவற்றால் மண்ணில் காரத்தன்மை ஏறினால், இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை எடுக்க இயலாமல், மல்லிகையின் இளந்தளிர்கள் மஞ்சளாக வெளுத்துவிடும். ஆகவே முதல் வேலை இடிபாட்டை அள்ளுவதே. அடுத்தது கோரை. மேலே செதுக்கினால் போதாது. மண்ணுக்குள் கோத்ததுபோல் கிடக்கும் கிழங்குகளில் ஒன்று தங்கினாலும் மழை விழுந்ததும் முளைத்துவிடும் என்பதால், கடப்பாரையால் நெம்பிக் கிழங்கோடு பொறுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்கியாக வேண்டும். அது தோல் அரிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கக்கூடியதால், கையுறை அணிந்த பெரியவர்களே அதைச் செய்வார்கள், மாணவர்களை அருகில் விடமாட்டோம்.

மூலையிலுள்ள அரளியையும் அகற்றுகிறோம். அதில் பூப்பறித்துச் சாமிக்கு மாலை கட்டும் தாய்மார்களுக்கு இது வருத்தம் தரலாம். ஆனால் இலை முதல் வேர் வரை நஞ்சுள்ள செடி, எதையும் வாயில் வைக்கும் முதல் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

மதிலோரம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும், முன்வரிசையில் துளசியும் வரும். நாள் முழுதும் வெயில் படும் பகுதியில், 30 சென்டிமீட்டர் ஆழக் குழிகளில் 1.25 மீட்டர் இடைவெளி விட்டு மதுரை மல்லி நடுவோம். ஓரத்தில் ஒரு கறிவேப்பிலையும் உண்டு. வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையைத் தின்றாலும் மருந்து தெளிக்கமாட்டோம், முட்டை முதல் சிறகு வரை பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வேலை தொடங்கும். வர இயன்றவர்கள் மண்வெட்டி, கடப்பாரை, பழைய சாக்கு கொண்டுவரலாம். மாடு வைத்திருப்பவர்கள் நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு கூடை தந்தால் பேருதவி. பச்சைச் சாணம் வேரைக் கருக்கிவிடும் என்பதால் அது வேண்டாம். ஏற்கெனவே வந்த கன்றுகளை வேப்பமர நிழலில் வைத்து நீரூற்றி வருகிறோம். ஐப்பசியில் அவற்றைத் தந்தவர்களின் பிள்ளைகளே நடுவார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்