தணிந்தது மோகமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். கனடாவுக்குப் படிக்கப் போகும் நம் மாணவர்கள் குறைந்துவிட்டார்கள் என்ற ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். ‘தணிகிறது வெளிநாட்டு மோகம்’ என்று நீங்கள் வைத்த தலைப்புதான் உறுத்துகிறது. வங்கியில் கல்விக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். மோகம் அப்படியேதான் இருக்கிறது. கதவைச் சாத்துவது அந்த நாடுகள்தான்.

2023 இறுதியில் கனடாவில் படிப்பு அனுமதி வைத்திருந்த வெளிநாட்டவர் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். வீட்டு வாடகை எகிறியது. பழி மாணவர்கள் தலையில் விழுந்தது. 2024 ஜனவரியில் புதிய அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்து, முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைப்பதாக அறிவித்தார்கள். அதே மாதம், வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய பணம் 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 டாலராக ஏறியது.

நான் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த நேரம் அது. மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர் வீட்டுப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார், பழைய 10,000 டாலர் கணக்கோடு. புதுத் தொகையைச் சொன்னேன். பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, “தம்பிகிட்ட கேட்டுட்டு வர்றேன் சார்” என்று எழுந்து போனார். அடுத்த வாரம் தம்பி வீட்டுப் பத்திரமும் அதே பையில் வந்தது. இதையா தணிந்த மோகம் என்கிறீர்கள்?

கூத்து என்னவென்றால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019-இல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் வெட்டி, அதற்குமேல் ஏற்றவும் விடவில்லை. அந்தப் பள்ளத்தை அங்குள்ள கல்லூரிகள் நிரப்பிக்கொண்டது நம் பிள்ளைகள் கட்டிய பணத்தில். அந்த வரவு குறைந்ததும் பாடப்பிரிவுகளையே மூடுகிறார்கள்.

மற்ற நாடுகளும் சளைத்தவை அல்ல. ஆஸ்திரேலியா மாணவர் விசா கட்டணத்தை 2024 ஜூலையில் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 ஆக்கி, மறு ஆண்டே 2,000 ஆக்கியது. முதுகலை படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை அழைத்துவர 2024 முதல் பிரிட்டனில் தடை. அமெரிக்காவோ 2025 மே கடைசியில், சேர்க்கை நெருங்கும் நேரம் பார்த்து, விசா நேர்காணலுக்குப் புதிதாக நாள் ஒதுக்குவதையே சுமார் மூன்று வாரம் நிறுத்திவைத்தது.

இன்னொன்று. அதே ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில், ‘கனடாவில் படித்தால் வேலை அனுமதி உறுதி’ என்று கால்பக்க விளம்பரம். அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி வாங்கி நடத்தும் பிரிவுகளில் 2024 மே 15-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த அனுமதியே கிடையாது. விளம்பரத்தில் எந்தக் கல்லூரி என்று தேடிப் பார்த்தேன். செல்போன் எண் மட்டும்தான் இருந்தது.

– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி