மூன்றெழுத்து துக்கம்

மதுரை

அன்புள்ள சேகருக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே "பிஆர்பி" என்று போட்டுவிட்டுக் காணாமல் போகிறாள், பெரியவர்களிடம் இப்படியா என்று கேட்டிருந்தாய். அது "இதோ வந்துவிடுகிறேன்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சொல்லிவிட்டுத்தானே எழுந்து போகிறாள்? கோபப்படாதே.

சுருக்கி எழுதுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பத்திரங்களைப் படித்தோமே, ஞாபகமிருக்கிறதா? வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸. எழுதியவருக்கும் படிப்பவருக்கும் பொதுவாகத் தெரிந்த குறிகள், அதனால் காரியம் நடந்தது. எஸ்எம்எஸ் காலத்தில் வேறு வழியே இல்லை. ஒரு செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. 'வாழ்த்துகள்' என்று அடித்தாலே 11 போய்விடும்.

இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. அப்படியும் சாவுக்கு மூன்றெழுத்து போடுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறுமுகத்தின் அம்மா தவறிய செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் "ஆர்ஐபி", "ஆர்ஐபி" என்று வரிசையாக விழுந்தது. "அமைதியில் உறங்கட்டும்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நடுநடுவே கும்பிடும் கை. அதற்குக் கீழேயே யாரோ ஒருவர் பிறந்தநாள் கேக் படம் போட்டிருந்தார். துக்கம் கேட்கப் போனபோது ஆறுமுகம் போனை என்னிடம் நீட்டினான். அவன் காட்டியது ஒன்றே ஒன்றைத்தான். நம்மோடு படித்த ஒருத்தி தனியாக அனுப்பியிருந்தாள். பரீட்சை நாட்களில் அம்மா தனக்கும் சேர்த்து எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்ததைப் பற்றி நாலு வரி. எழுத்துப்பிழைகூட இருந்தது. அதைத் தங்கைக்கும் படித்துக் காட்டினானாம்.

இணையத்தில் எழுதும் முறை பற்றி 1995லேயே சாலி ஹாம்பிரிட்ஜ் என்பவர் ஓர் ஆவணம் எழுதினார். "ஆர்எஃப்சி" என்ற இணைய ஆவண வரிசையில் அது 1855ஆவது. முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவதுபோல் இருக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. சுருக்கமாக எழுதலாம், வெட்டிப் பேசுவதுபோல் ஆகிவிடக் கூடாது என்றும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு: அனுப்பும்போது கவனமாக இரு, வந்ததைத் தாராளமாக எடுத்துக்கொள். உன் மகளின் பிஆர்பியை நீ தாராளமாகவே எடுத்துக்கொள்ளலாம். கவனம் வேண்டியது நம் குழுவுக்கு.

குழுவை நீதானே பார்த்துக்கொள்கிறாய். துக்கச் செய்தி வந்த அன்று மற்ற படங்கள் வேண்டாம், முடிந்தவர்கள் அந்த வீட்டுக்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள் என்று ஒரு அறிவிப்பு போடு. நீ சொன்னால் கேட்பார்கள். தமிழோ ஆங்கிலமோ, இறந்தவரின் பெயரையாவது எழுதட்டும்.

ஆறுமுகத்துக்கு நீ இன்னும் எழுதவில்லை என்றால் இந்த வாரமே எழுதிவிடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றான். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்
ராமலிங்கம்