பின் இருக்கையில் அமர்ந்த நாள்

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நீ பேசி இருபது நாட்களாகிவிட்டன. வேலை மிகுதியாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள், நானும் அப்படியே எண்ணிக்கொள்கிறேன். தலைசுற்றுகிறது, சற்றுக் காற்றாட நடந்து வருகிறேன் என்று சொல்லி அன்று நான் உன் காரிலிருந்து பாதி வழியில் இறங்கிக்கொண்டதை நீ தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருடைய பெரிய கார் நாள்தோறும் நம் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. கேட்டால், "ஐந்தே நிமிடம்" என்கிறார். அந்த ஐந்து நிமிடம் முடிந்து நான் பார்த்ததில்லை. நேற்றிரவு அதைப் போன்ற இன்னொரு கார் ஹை பீமைத் தாழ்த்தாமல் என் முதுகை ஒட்டியே வந்தது. நான் ஓரமாக ஒதுங்கியதும், அது தனக்குச் சேரவேண்டிய மரியாதைதான் என்பதுபோல் கடந்து போனது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி வேண்டும், மழை பெய்தால் நான்கு நொடி வேண்டும் என்று உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதே சொன்னேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். இடைவெளி விட்டு ஓட்டு, அம்மா.

முரடர்கள் எல்லா வண்டியிலும் இருக்கிறார்கள், விலையை மட்டும் குறை சொல்ல முடியாது என்று நீ சொல்வாய். ஓய்வு பெற்ற பிறகு படிப்பதற்கு எனக்கு நேரம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 2012இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்றில், சாலையைக் கடப்பதற்காக ஒருவரை நிற்க வைத்து, எந்தக் கார்கள் அவருக்கு வழிவிடுகின்றன என்று மறைந்திருந்து குறித்துக்கொண்டார்களாம். மிக மலிவான வகைக் கார்கள் அத்தனையும் நின்றன. மிக விலையுயர்ந்த வகையில் ஏறத்தாழப் பாதி நிற்கவில்லை. ஓர் ஆய்வை வைத்து எல்லாரையும் எடைபோடக் கூடாதுதான். அதை எனக்குச் சொல்லித்தந்தவளே நீதான். ஆனால் அதைவிட என்னை உறுத்தியது 1968இல் வெளியான இன்னோர் ஆய்வு. பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒரு காரை வேண்டுமென்றே நகர்த்தாமல் நிறுத்திவைத்தார்கள். அது பழைய கார் என்றால் பின்னால் இருந்தவர்களில் 84 விழுக்காட்டினர் ஹாரன் அடித்தார்கள். பகட்டான கார் என்றால் 50 விழுக்காட்டினர்தாம் அடித்தார்கள். ஆக, அந்தத் திமிரை ஓரமாக நின்று வளர்த்துவிடுபவர்கள் நாமும்தான். எதிர்வீட்டுக்காரரிடம் நான் குரலை உயர்த்தாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

26 ஆண்டுகள் முதலாளியின் காரை ஓட்டியவன் என்பதால் உள்ளே இருந்தும் எனக்கு அது தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் கேட்காது, எண்பதில் போனாலும் நாற்பதில் போவதுபோல் இருக்கும். இருக்கை உயரமாக இருந்தால் பாதசாரி தலையளவு மட்டுமே தெரிவார். அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

நீ அந்தக் காரை உன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினாய். அன்று நீயே இறங்கி வந்து எனக்காகப் பின்கதவைத் திறந்தாய். பிறருக்காக எத்தனையோ முறை நான் திறந்த கதவு அது. உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இதை உன் அம்மாவிடம் நான்கு முறை சொல்லிவிட்டேன், அவளுக்குச் சலித்துவிட்டது. அந்த மகிழ்ச்சியோடு நான் வீடு வந்து சேர்ந்திருக்கலாம். நீ கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருக்கலாம். தேங்கிய தண்ணீருக்கு முன்னால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இல்லை, நான் எழுத வந்தது இதுவன்று.

உனக்கு அப்போது ஏழு வயது. பள்ளி விட்டதும் முதலாளிக்குத் தெரியாமல் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மழை விட்டிருந்தது. சாலையோரமாக உன் வயதுச் சிறுமி ஒருத்தி, புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணில் படாமல் போய்விடவில்லை, நன்றாகத்தான் பார்த்தேன். பிரேக்கில் கால் வைப்பதை அந்த வண்டிக்குக் குறைவு என்று நினைக்கும் அளவுக்கு, முதலாளியிடம்கூட இல்லாத மிடுக்கு எனக்கு வந்துவிட்டிருந்தது. நீ பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்து, "அப்பா, அவள் அழுகிறாள்" என்றாய். "ஒதுங்கி நடக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். சற்று நேரம் கழித்து நீயும் சிரித்தாய்.

போன மாதம் அந்த மிதிவண்டிக்காரரைக் கடந்தபோது நீ சொன்ன சொல் எனக்குப் புதிதன்று. அதற்கு மேல் அந்த இருக்கையில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தலைசுற்றல் எதுவும் இல்லை. நான் இறங்கித் திரும்பிப் போவதற்குள் அவர் சட்டையைப் பிழிந்துகொண்டு வெகுதூரம் போய்விட்டார். அவர் அடையாளமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நானும் உயரத்திலிருந்துதானே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமையாவது பேசு. அடுத்த முறை வரும்போது என்னை முன் இருக்கையில் உட்கார வை. ஓட்டும்போது வாய் திறக்க மாட்டேன், அம்மாவும் சாட்சி. பின்பக்க இடது டயரில் காற்றுக் குறைவாக இருப்பதுபோல் அன்று தெரிந்தது. வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோதே பார்க்கச் சொல். மழைக் காலம், இடைவெளி விட்டு ஓட்டு.

அன்புடன்,
அப்பா