கோப்பியும் கூட வந்தது

ஆல்மா, புக்கிட் மெர்தாஜாம்
18 மே 2025

அன்புள்ள கூட்டாளிக்கு,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? மேலே உள்ள முகவரியைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே, நான்தான். பினாங்குத் தீவில் இருந்த ஜெலுத்தோங் வீட்டைக் காலி செய்துவிட்டோம். ஏப்ரல் கடைசியில் இங்கே வந்தோம். இதை வாட்சாப்பில் ஒரு வரியில் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பத்து வருஷமாகப் பாக்கி இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் எழுத மனசு வரவில்லை.

முப்பத்தொரு வருஷம் வாடகைக்கு இருந்த வீடு. வீட்டுக்காரர் போன வருஷம் காலமானார். பிள்ளைகள் விற்கப்போவதாகச் சொல்லி மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, கடைசி மாத வாடகையைக்கூட வாங்கவில்லை. மகன் முதலில் பாயான் லெப்பாஸில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்தான். பதினான்காவது மாடி, அவன் தொழிற்சாலைக்குப் பத்து நிமிஷம். எல்லாருக்கும் பிடித்திருந்தது. அப்புறம்தான் அங்கே கொடுத்த விதிமுறைத் தாளை மருமகள் வாசித்தாள். அடுக்குமாடிகளுக்கென்று 2015-இல் வந்த விதிகள்தான், உனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்குத் தொந்தரவோ ஆபத்தோ தரக்கூடிய பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்தில் அறிவிப்பு கொடுத்தால் மூன்று நாளில் அப்புறப்படுத்தியாக வேண்டும்.

எங்கள் நாய் கோப்பியை யாரிடமாவது விட்டுவிடலாமா என்று மகன் மெல்லக் கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அடுக்களையிலிருந்து உன் அண்ணிதான் வெளியே வந்தாள். "நம்மளைக் காலி பண்ணச் சொன்னவங்க மூணு மாசம் கொடுத்தாங்க. அதுக்கு மூணு நாளா?" என்றாள். அவ்வளவுதான், பதினான்காவது மாடி அன்றோடு போயிற்று. பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்த நாயைத் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. சோறு போடும்போதுகூடத் திட்டிக்கொண்டுதான் போடுவாள்.

வீடு மாறப்போகிறோம் என்பது எங்கள் எல்லாரையும்விட முதலில் கோப்பிக்குத்தான் தெரிந்தது. அட்டைப் பெட்டிகள் வந்த அன்றே அது சாப்பாட்டைப் பாதியில் விட்டது. அலமாரியிலிருந்து ஒரு சாமான் இறங்கினால் அதன் பின்னாலேயே போய் எந்தப் பெட்டிக்குள் போகிறது என்று பார்க்கும். பெட்டியை ஒட்டி மூடியதும் அதன் மேல் முகவாயை வைத்துக்கொண்டு படுக்கும். சாமான்களை யாரோ திருடுகிறார்கள், திருடுவதோ வீட்டுக்காரர்களே, யாரைக் கடிப்பது என்று தெரியாத குழப்பம் அதன் முகத்தில் இருந்தது. எனக்கும் அதே குழப்பம்தான், வெளியே சொல்லவில்லை.

இதற்கிடையில் ஒரு கூத்து. நீ அதை விட்டுப் போனபோது கூடவே ஒரு சணல் சாக்கு கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? அதன் மேல்தான் இத்தனை வருஷமும் தூங்கிக்கொண்டிருந்தது. நாலு மூலையும் பிய்ந்து, நிறம் என்னவென்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. புது வீட்டுக்கு இந்தக் கண்றாவி வேண்டாம் என்று மருமகள் நல்ல மெத்தை ஒன்று வாங்கினாள், அறுபது வெள்ளி. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வருகிற பழைய பேப்பர் லோரியில், பத்திரிகைக் கட்டுகளோடு சாக்கும் போய்விட்டது. சாயங்காலம் கோப்பி அந்த மூலையில் நின்று தரையை முகர்கிறது, சுற்றுகிறது, மறுபடி முகர்கிறது. நான் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த லோரியைத் தேடி ஜெலுத்தோங் முழுக்கச் சுற்றினேன். மார்க்கெட் பக்கம் ஒரு காப்பிக்கடையில் பிடித்தேன். லோரிக்காரச் சீனர் சாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு வெள்ளி கேட்டார். கொடுத்தேன். அறுபது வெள்ளி மெத்தையில் இப்போது பேரன் உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கிறான்.

கோப்பியைப் பெர்ரியில்தான் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு ஆசை. வெல்ட் கீ படகுத்துறைப் படிக்கட்டுக்குக் கீழே, பிஸ்கெட் பெட்டிக்குள் நீ கண்டெடுத்த குட்டி அல்லவா? பிறைக்கு வேலைக்குப் போகும்போது உன் மோட்டார் சைக்கிள் கூடையில் துண்டைப் போர்த்தி உட்கார வைத்துக்கொண்டு, புலாவ் அங்சா பெர்ரியின் கீழ்த்தளத்தில் நாம் நின்ற காலை இன்னும் கண்ணில் இருக்கிறது. நீ வாங்கிய கோப்பியில் அது வாயை வைத்து, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் 2021 தொடங்கியதிலிருந்து பெர்ரி கார்களை ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான். பதினெட்டுக் கிலோ நாயைக் கூடையில் வைக்க முடியுமா? பாலத்தில்தான் போனோம்.

லோரி முன்னே போக, மகன் காரில் நானும் கோப்பியும் பின்னால். ஜெலுத்தோங் நெடுஞ்சாலை வரைக்கும் என் மடியில் நடுங்கிக்கொண்டே வந்தது. பாலம் 13.5 கிலோமீட்டர், 1985-இல் திறந்தபோது நாம் பார்க்கப் போன கூட்டம் உனக்கு மறந்திருக்காது. பாதிப் பாலத்தில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். கடல் காற்று உள்ளே வந்ததும் அதன் நடுக்கம் நின்றது. எழுந்து நின்று மூக்கை வெளியே நீட்டி, ஏதோ தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல் வாலை இரண்டு ஆட்டு ஆட்டியது. நான் திரும்பித் தீவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது முன்னால் பார்த்துக்கொண்டு வந்தது.

பால் காய்ச்சியது விடியற்காலை ஐந்தரைக்கு. பூசாரி வந்ததும் நாயைக் கட்டி வைக்கச் சொன்னார். பின்பக்கம் கட்டினோம். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், எல்லாம் முறைப்படி. பால் பொங்கி எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேரன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். கோப்பி நேராக வாசலுக்குப் போய், இடப்பக்கத்து வாழைமரத்தில் காலைத் தூக்கிவிட்டது. மருமகள் அலறினாள். பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், ஆனால் எனக்குள் சிரிப்பு. நாம் மஞ்சளும் குங்குமமும் வைத்து இது எங்கள் வீடு என்று சொன்னோம். அதற்குத் தெரிந்த முறையில் அதுவும் சொல்லிவிட்டது. பைரவர் வாகனம், பூசாரி கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அன்று இரவு தூங்கவில்லை. ஒன்பது இரவு அப்படித்தான் போயிற்று. சுவர் ஓரமாகவே நடந்து ஒவ்வோர் அறையையும் முகரும். தடுப்பூசி போடும் டாக்டர் சொன்னார், நமக்கு மூக்கில் வாசனை பிடிக்கும் உணரிகள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கு மேலாம். நாம் புது வீடு என்று சொல்வது அதற்குப் புதிதே இல்லை. முன்னால் இருந்தவர்கள் என்ன சமைத்தார்கள், பூனை வளர்த்தார்களா, எங்கே யார் படுத்தார்கள், எல்லாம் அங்கேயே இருக்கிறது. யாரோ ஒரு குடும்பத்தின் நடுவில் நாம் போய்ப் பாயை விரித்துவிட்டோம் என்றுதான் அது நினைத்திருக்கும். அந்த டாக்டர் சொன்னபடி ஒரு வாரத்துக்கு எங்கள் போர்வை எதையும் துவைக்கவில்லை. சாக்கை மாடிப்படிக்குக் கீழே போட்டு, பக்கத்தில் என் பழைய கைலியை வைத்தேன்.

பத்தாவது நாள் காலையில் பார்க்கிறேன், சாக்கைப் பல்லால் இழுத்துக்கொண்டுபோய் நடைவழி நடுவில் போட்டுத் தூங்குகிறது. ஏன் இங்கே வந்து படுத்திருக்கிறது, எல்லாரும் தடுக்கி விழவா என்று முதலில் எரிச்சல். அப்புறம் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து அடுக்களை தெரிகிறது, எங்கள் அறைக்கதவு தெரிகிறது, மாடிப்படி தெரிகிறது, வாசல் கேட்டும் தெரிகிறது. இந்த வீட்டில் எல்லாரையும் ஒரே இடத்திலிருந்து எண்ணக்கூடிய இடம் அது ஒன்றுதான். வீட்டைக் கட்டியவனுக்கே தெரிந்திருக்காது.

எண்ணுகிறது என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மகனுக்கு இரவு வேலை முடிந்து பாலம் தாண்டி வர ஒரு மணி ஆகிறது. அவன் கார் வரும்வரை கண்ணை மூடாது. வந்ததும் ஒரு பெருமூச்சு, உடனே தூக்கம். உன் அண்ணி அதற்கு மேலதிகாரி மாதிரி, அவள் குரல் உயர்ந்தால் காது மடங்கிவிடும். மருமகள் இன்னும் கொஞ்சம் பயப்படுகிறாள். அது அவளுக்குப் புரிந்திருக்கிறது, அவள் வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழி விடுகிறது. பேரனைத் தன் தம்பி என்று நினைக்கிறது. அவனுக்கு ஒரு சிவப்புப் பந்தும் ஒரு நீலப் பந்தும் உண்டு. நீலத்தைப் புல்லில் எறிந்தால் ஓடிப்போய் எடுத்து வரும். சிவப்பு என்றால் பக்கத்திலேயே நின்றுகொண்டு தேடும். நாய்க் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் தெளிவு, சிவப்பும் பச்சையும் ஒன்றாகக் கலந்துவிடும் என்று பேரனுக்குச் சொன்னேன். இப்போது சிவப்புப் பந்தை அவனே போய் எடுக்கிறான். என்னை அது என்னவென்று வைத்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. நான் வீட்டிலேயே இருக்கிறேன், எங்கும் போவதில்லை. ஒருவேளை நானும் ஒரு நாய் என்றே நினைத்திருக்கலாம்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா, மாச்சிக் என்றுதான் கூப்பிடுகிறோம். நாய் நக்கிவிட்டால் அவர்கள் மார்க்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். அதனால் வந்த மறுநாளே கேட் அடிப்பக்கத்தில் கம்பி வலை கட்டினோம், மூக்கு வெளியே போகாதபடி. வலை கட்டுவதைப் பார்த்து அவர் ஒரு தட்டு குவே பலகாரம் கொண்டுவந்து உன் அண்ணியிடம் கொடுத்தார். எட்ட நின்று "ஹாய், கோப்பி" என்று தினமும் கூப்பிடுகிறார்.

சரி, பாக்கி விஷயம்.

2015 தொடக்கத்தில் நீ கோலாலம்பூரில் செந்தூலுக்கு மாற்றலாகிப் போனாய். அங்கும் மாடி வீடு, நாய் கூடாது. என்னிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அதற்கப்புறம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், கோப்பி எப்படி இருக்கிறது என்று நீ ஒரு முறைகூடக் கேட்டதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் சொன்னதில்லை. நீ போன பிறகு பல மாதம், தினமும் சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்கு அது கேட் பக்கத்தில் போய் உட்காரும். எந்தக் கப்சாய் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்கும். வேறு ஆள் என்றதும் உட்காரும். இருட்டும்வரை. நான் போய்க் கூப்பிட்டால் மரியாதைக்கு ஒரு முறை வாலை ஆட்டிவிட்டு அங்கேயே இருக்கும்.

அந்த வருஷம்தான் வெறிநாய்க் காய்ச்சல் வந்தது. பெர்லிஸ், கெடா, அப்புறம் செப்டம்பரில் பினாங்கு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லச் சொல்லி மாநில அரசு உத்தரவு போட்டது. சாதி நாய் இல்லை, பார்த்தால் தெருநாய்தானே. தடுப்பூசி போட்டு, லைசென்ஸ் எடுத்து, கழுத்துப் பட்டையும் மாட்டினேன். அப்படியும் பயம். கேட் பக்கமே விடாமல் ஒன்றரை மாதம் அடுக்களைக்குள் வைத்திருந்தோம். உன் அண்ணியின் காலடியில். அப்போதுதான் அந்த ஐந்தேமுக்கால் பழக்கம் விட்டுப்போயிற்று. மறந்ததா, நாங்கள் மறக்க வைத்தோமா, எனக்குத் தெரியாது. இதை அப்போது எழுதியிருந்தால் நீ சாப்பிட்டிருக்க மாட்டாய். இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் உன்மேல் குற்றம் இல்லை என்பதை இந்த ஏப்ரலில்தான் நான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அந்த விதிமுறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மகன் கேட்டபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? சரி என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான். அவள் மட்டும் வெளியே வராமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

அதற்கு இப்போது பதினொரு வயது தாண்டிவிட்டது. முகவாய் நரைத்துவிட்டது, கண்ணில் லேசாக நீலம் பாய்ந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. ஜூனில் டுரியான் விழத் தொடங்கும், அப்போது வா. மின்ரயில் புக்கிட் மெர்தாஜாமிலேயே நிற்கிறது, கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம் போல ஆகும், மகன் வந்து ஏற்றிக்கொள்வான். ஒன்று மட்டும். வரும்போது செண்ட் அடித்துக்கொண்டு வராதே. துவைத்த சட்டையும் வேண்டாம். முதல் நாள் போட்டிருந்த சட்டையோடு அப்படியே வா.

உன் பழைய கூட்டாளி