நுண்ணோக்கியின் முன் அமர்ந்த கம்பவுண்டர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இம்பால், கோகிமா போர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையை எதிர்த்து 1944 மார்ச் முதல் ஜூலை வரை நடந்த அந்தச் சண்டையில் துப்பாக்கி ஏந்தியவர்களையும் அறுவை மருத்துவர்களையும் கட்டுரையாளர் உரிய மரியாதையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். படை மருத்துவமனை ஆய்வகங்களில் உழைத்த கம்பவுண்டர்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. என் தந்தையார் அவர்களில் ஒருவர். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வக நுட்பநராகப் பணியாற்றியவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

பர்மா முனையில் குண்டடி பட்டு விழுந்தவர்களைவிடக் காய்ச்சலில் விழுந்தவர்களே மிக அதிகம். 1943-இல் காயத்தால் வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு, நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர் என்று படைத்தளபதி வில்லியம் ஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். மலேரியா மட்டுமே ஆண்டுக்குப் படைபலத்தில் 84 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டே ஜாவா ஜப்பானியர் வசமாகி, சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்தான கொயினாவில் உலகின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது. நம் நீலகிரியில் நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டமும் தொழிற்சாலையும் இருந்தும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. அதற்கு மாற்றாக மெப்பாகிரின் என்ற செயற்கை மலேரியா மாத்திரை வந்தது. தோலை மஞ்சளாக்கும் அம்மாத்திரை ஆண்மையைக் குறைக்கும் என்ற வதந்தியும் கூடவே பரவியது. மலேரியாவா, உண்ணிக்காய்ச்சலா, வேறு ஏதாவதா என்று நோயாளியைத் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்ல முடியாத அந்த இடத்தில், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்துச் சொன்னவர்கள் ஆய்வகத்தார்தாம்.

இந்த வேலைக்குக் கம்பவுண்டர்கள், அதாவது மருந்தாளுநர்கள், பொருந்தியதற்குக் காரணம் உண்டு. நிறுத்தல், அளத்தல், கரைத்தல், வடிகட்டல் ஆகியவை அவர்களுடைய அன்றாடத் தொழில். தந்தையார் ஊர் மருந்தகத்தில் மிக்சர் கலக்கிக்கொண்டிருந்தவர். 1942-இல் படையில் சேர்ந்தார். 1943 ஏப்ரல் 3 அன்று இந்தியப் படை மருத்துவப் பிரிவு உருவானபோது அதில் சேர்க்கப்பட்டு, அசாமில் ஒரு படை மருத்துவமனையின் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டார். ரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியை நிறமேற்றிக் காட்டும் லீஷ்மன் சாயப்பொடியை 0.15 கிராம் நிறுத்து 100 மில்லி மெத்தனாலில் கரைப்பது, சில்லில் தடவிய ரத்தத்தின் மேல் அதை ஊற்றிச் சற்று விட்டு இரு மடங்கு காய்ச்சி இறக்கிய வடிநீர் சேர்ப்பது, கழுவி உலர்த்தி எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்ப்பது என்று படிப்படியாக எங்களுக்குச் செய்து காட்டியிருக்கிறார்.

ஒரு மழைக்கால வாரத்தில் வடிநீரில் எப்படியோ அமிலத்தன்மை ஏறிவிட, எல்லாச் சில்லுகளும் சிவந்துபோயினவாம். ஒட்டுண்ணியின் நீலம் தெரியவே இல்லை. எதையும் கண்டுபிடிக்க முடியாத சில்லுகளில் 'இல்லை' என்று எழுதினால் மலேரியா நோயாளி மருந்தின்றிப் போவார் என்று அவர் அதிகாரியிடம் முறையிட்டு, நீரைச் சரிசெய்து, இரவெல்லாம் மீண்டும் ரத்தம் எடுத்து மறுபடியும் சாயமிட்டிருக்கிறார். நுண்ணோக்கியில் ஒரு சமயத்தில் தெரியும் வட்டமான பார்வைப் புலங்கள் நூறையாவது பார்க்காமல் 'இல்லை' என்று எழுதாதே என்று நான் பணியில் சேர்ந்த நாளில் அவர் சொன்னதன் பின்னணி அதுவே. ஃபால்சிபாரம் என்ற கொடிய மலேரியா வகையைத் தவறவிட்டால் மூளை மலேரியாவில் ஆள் போய்விடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே மலேரியாச் சிகிச்சைப் பிரிவுகள் அமைத்ததும், மாத்திரை விழுங்குவதைக் கண்டிப்பாகக் கண்காணித்ததும் நிலைமையை மாற்றின; 1945-இல் நோயுறுவோர் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தனர். அயல்நாட்டுச் சாயங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட 1944-இல்தான் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் மெத்திலீன் நீலத்தையும் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் கொண்டு நம் நாட்டிலேயே தயாரிக்கக்கூடிய சாயத்தை உருவாக்கினர். ஜே.எஸ்.பி. என்று நாங்கள் அழைக்கும் அந்தச் சாயத்தில்தான் என் பணிக்காலம் முழுவதும் சில்லுகளை நனைத்தேன். அதன் பெயர் யாருடையது என்று என்னுடன் வேலை பார்த்த பலருக்குத் தெரியாமலே போனது எனக்கு வருத்தமே.

சில ஆண்டுகளுக்கு முன் தந்தையாரின் படை விடுவிப்புச் சான்றின் நகலையும் குறிப்பேட்டையும் ஓர் அலுவலகத்தில் ஒப்படைக்கச் சென்றபோது, சண்டை போட்டவர்களின் காகிதங்களை மட்டுமே சேகரிப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினர். இதுபோன்ற காகிதங்கள் எத்தனையோ வீடுகளின் பரண்களில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகம், போர்க்காலக் கம்பவுண்டர்கள், ஆய்வகப் பணியாளர்கள், செவிலியர்கள் ஆகியோரின் சான்றிதழ்களையும் குறிப்பேடுகளையும் குடும்பத்தாரிடமிருந்து பெற்றுப் படியெடுத்து வைக்க வேண்டும் என்றும், அதற்கான அழைப்பைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தந்தையாரின் குறிப்பேடு முன்புறம் ஊர் மருந்தகத்து மிக்சர்களில் தொடங்குகிறது. தலைகீழாகத் திருப்பினால், பின்புறத்திலிருந்து அசாமில் பார்த்த சில்லுகளின் நாள்கணக்கு. அரித்துப்போன நான்கு பக்கங்களைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் முதலில் இந்தக் குறிப்பேட்டைக் கொடுக்க ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தஞ்சாவூர்.