தண்ணீரில்லாக் கார் வாஷ் ஸ்பிரேயால் பெயின்ட்டில் விழுந்த கீறல்கள்: புகார் கடிதம்

அனுப்புநர்:
சுற்றுலா டாக்ஸி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தண்ணீரில்லாக் கார் வாஷ் ஸ்பிரே தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: உங்கள் ஸ்பிரேயை லேபிளில் உள்ளபடி பயன்படுத்தியும் காரின் பெயின்ட்டில் கீறல் விழுந்தது, அதற்கு இழப்பீடு கோருதல், லேபிளைத் திருத்தக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தைப் போனிலும் மின்னஞ்சலிலும் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். போனில் பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் பதிலாக வந்தது, அடுத்த பாட்டிலைப் பாதி விலையில் வாங்க ஒரு கூப்பன். கீறல் போட்ட சரக்கையே இன்னொன்று வாங்கிக்கொள் என்று சொன்னால் சிரிப்பதா, கோபப்படுவதா? அதனால்தான் இப்போது பதிவுத் தபால். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

நான் வைத்திருப்பது ஒரே ஒரு கார். கருநீல நிறம், மஞ்சள் போர்டு. நானே ஓட்டிப் பிழைக்கிறேன். குன்னூரில் கோடையில் தண்ணீர் படும் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்காது. ரேலியா அணையில் மட்டம் இறங்கிவிட்டால் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதே ஊர்ப்பேச்சாக இருக்கும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கும் தெருவில் நான் ஹோஸ் பைப்பைப் போட்டுக் காரைக் கழுவினால், நூறு லிட்டருக்கு மேல் ஓடிப்போகும். பக்கத்து வீட்டு அக்கா சும்மா விடுவாரா? அதே சமயம் சீசனில் அழுக்குக் காரோடு போய் நின்றால் சவாரி வராது. அப்போதுதான் உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. பாட்டிலும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் சேர்ந்த செட், ரூ.749. வாங்கினேன்.

கோடை முழுவதும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுற்றுலா வண்டிகள் கிளப்பும் லேசான தூசி, ராத்திரிப் பனி காய்ந்த தடம், இவ்வளவுதான் அப்போது காரில் இருக்கும். தெளித்துத் துடைத்தால் பளிச்சென்று வந்துவிடும், பெயின்ட்டுக்கும் எதுவும் ஆகவில்லை. ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் நல்லபடியாகச் சொல்லியும் இருக்கிறேன். ஆகவே உங்கள் திரவமே பெயின்ட்டை அரிக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது எதைத் துடைக்கும், எதைத் துடைக்கக் கூடாது என்பதை நீங்கள் லேபிளில் மறைத்துவிட்டீர்கள் என்பதுதான் என் புகார்.

ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் ரோட்டின் நிலைமையே வேறு. பர்லியாறு, மரப்பாலம் பக்கம் மண் சரியும். ஜேசிபி வைத்து அள்ளிப் போட்ட பிறகும் ரோட்டில் செம்மண் கரைசல் கிடக்கும். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வந்து சேரும். விருந்தினரை ஏற்ற நான் இருட்டிலேயே மலை இறங்கிவிடுவேன். கீழே போய்ச் சேரும்போது இரண்டு பக்கக் கதவுகளின் அடிப்பாகமும் பின் பம்பரும் சேறு பூசியிருக்கும். வண்டியை நிறுத்திய இடத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? உங்கள் பாட்டிலில் பெரிய எழுத்தில் இருக்கிற வாசகம் இது: "எவ்வளவு அழுக்கானாலும் தெளியுங்கள், துடையுங்கள், கிளம்புங்கள். 100 சதவீதம் கீறல் விழாது." அடியில் இருக்கிற படத்தில் ஒரு கை வட்ட வட்டமாகத் துடைக்கிறது. அந்தப்படியேதான் துடைத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான்.

கீறல் உடனே தெரியவில்லை. துடைத்ததும் கார் மினுமினுவென்றுதான் இருந்தது. பிறகு மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்த ஒரு நாளில், கதவு முழுக்க நூல் நூலாக வட்டக் கீறல்கள். கோவையில் காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் கடைக்காரர் காரணத்தைச் சொன்னார். இந்த மாதிரி ஸ்பிரேயில் வாக்ஸோ சிலிக்கோனோ இருக்கும், அது மெல்லிய கீறல்களுக்குள் போய் நிரம்பிக்கொள்வதால் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், மழையில் அது கரைந்து போனதும் எல்லாம் வெளியே வரும் என்றார். அதாவது, கீறல் போடுவதும் அதை மறைப்பதும் ஒரே பாட்டில்.

உங்கள் லேபிளில் இல்லாத ஒரு கணக்கு. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே அடிக்கிற கண்ணாடி போன்ற படலமான கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ப்ரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்தாலே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். மணல் என்று சொல்வதற்கே ஒரு துகள் கிட்டத்தட்ட 60 மைக்ரானாவது இருக்க வேண்டும். ஆக, இருப்பதிலேயே சின்ன மணல் துகள்கூட என் காரின் கிளியர் கோட் கனத்தைவிடப் பெரியது. நீலகிரியின் பாறை சார்னோகைட், அதில் குவார்ட்ஸ் உண்டு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, சாதாரண இரும்புக் கத்தியைவிட அதிகம். பாறை சிதைந்து வரும் எங்கள் மண்ணிலும் அது இருக்கத்தான் செய்யும். உங்கள் திரவத்தில் உள்ள வழுவழுப்பு தூசியைச் சுற்றிக்கொண்டு மேலே தூக்கிவிடும் என்கிறீர்கள். மாவு போன்ற தூசிக்கு அது சரி. மணல் கலந்து காய்ந்த சேற்றுக்கு அந்த மெல்லிய படலம் எப்படிப் போதும்? துகள் துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், துணி உப்புத்தாளாகிவிடுகிறது.

இதில் மலைப்பாதைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. மேலிருந்து மேட்டுப்பாளையம் வரை பிரேக்கில் கால் வைத்துக்கொண்டேதான் இறங்குகிறோம். தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் சக்கரத்திலும் அதற்குப் பின்னால் உள்ள பகுதியிலும் போய் ஒட்டும். "அலாய் வீலுக்கும் ஏற்றது" என்று படம் வேறு போட்டிருக்கிறீர்கள். வீலைத் துடைத்த துணியால் கதவைத் துடைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் மை தீர்ந்துவிடுமா?

இப்போது துணி விஷயம். போனில் பேசியவர் முதலில் கேட்டது, "சார், என்ன துணி யூஸ் பண்ணீங்க?" என்றுதான். நீங்கள் செட்டில் வைத்துக் கொடுத்த துணியைத்தான். அதைச் சொன்னதும், ஒரு காருக்கு ஆறேழு சுத்தமான துணியாவது வேண்டும், ஒவ்வொன்றையும் நாலாக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்துக்கு மாற வேண்டும், வட்டமாகத் துடைக்காமல் ஒரே திசையில் அழுத்தாமல் இழுக்க வேண்டும், தெளித்த பிறகு அரை நிமிடமாவது ஊற விட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாமே நியாயமான அறிவுரை, கோவைக் கடைக்காரரும் இதையேதான் சொன்னார். ஆனால் இதில் ஒன்றாவது பாட்டிலில் அச்சடித்திருக்கிறதா? செட்டில் வருவது ஒரே துணி. படத்தில் இருப்பது வட்டம். வாசகம் சொல்வது, தெளித்த கையோடு துடை. உங்கள் ஊழியருக்குத் தெரிந்த முறை வாங்குகிறவனுக்கு ஏன் தெரியக் கூடாது? ஆறு துணி வேண்டும் என்று எழுதினால் விற்பனை குறையும் என்ற பயமோ என்னவோ.

அப்புறம் அவர் சொன்ன இன்னொன்று, "உங்க கார் பெயின்ட் கொஞ்சம் சாஃப்ட்டா இருக்கலாம் சார்." சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று தெரிந்த பெயின்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே வேறொரு கம்பெனிக் காரின் கழற்றிப் போட்ட கருப்புக் கதவு கிடந்தது. அதில் ரோட்டுச் சேற்றைப் பூசிக் காய வைத்தோம். ஒரு பாதியை அரை வாளித் தண்ணீர் ஊற்றி மண்ணை வழியவிட்டு, பிறகு உங்கள் ஸ்பிரே அடித்துப் புதுத் துணியால் துடைத்தோம். மறுபாதியை லேபிளில் இருந்தபடி நேரே துடைத்தோம். தண்ணீர் ஊற்றிய பாதியில் டார்ச் அடித்துப் பார்த்தும் கீறல் இல்லை. மற்றதில் என் கார் கதவில் இருக்கிற அதே வட்டங்கள். பட்டறைக்காரர் அதைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார், இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோவை டீட்டெய்லிங் கடையின் மதிப்பீடு: மெல்லிய கீறல்களை மெஷின் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம், ரூ.6,500 ஆகும். இடது பின் கதவின் அடியில் இரண்டு இடத்தில் நகம் மாட்டுகிறது, அங்கே பாலிஷ் எடுபடாது, அந்தக் கதவை மறுபடி பெயின்ட் அடிக்க ரூ.5,000. பாலிஷ் என்பதும் இலவசமாகக் கிடைக்கும் புதுப் பெயின்ட் கிடையாது. கீறலின் அடிவரை கிளியர் கோட்டைச் சில மைக்ரான் சீவி எடுப்பதுதான் அது. இருக்கிற ஐம்பதில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. இந்தக் காரை இன்னும் பல வருஷம் ஓட்ட வேண்டியவன் நான், வெயிலைத் தாங்குவதே அந்தப் படலம்தான்.

எனக்கு வேண்டியது இவைதான். செட்டின் விலையையும் மேலே சொன்ன இரண்டு வேலைக்கான ரூ.11,500-ஐயும் தர வேண்டும். "எவ்வளவு அழுக்கானாலும்", "100 சதவீதம் கீறல் விழாது" என்ற இரண்டையும் லேபிளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் எடுக்க வேண்டும். அந்த இடத்தில், லேசான தூசிக்கு மட்டும், சேறும் மணலும் இருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவவும், வெயிலில் சூடான காரில் அடிக்க வேண்டாம், பல துணிகள் தேவை என்று தமிழிலும் தெளிவாக அச்சடிக்க வேண்டும். எங்களைப் போன்ற மலை ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனையும் சொல்கிறேன். ஒரு வாளித் தண்ணீரில் சில மில்லி கலந்து துடைத்துவிட்டு, அலசாமலே விடுகிற ரின்ஸ்லெஸ் வகைத் திரவங்கள் இருக்கின்றன. பத்து லிட்டரில் வேலை முடிந்துவிடும். மழைக்காலத்துக்கு அதைப் பரிந்துரை செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

தபால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ரூ.5 லட்சத்துக்குட்பட்ட பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. சரியான பயன்பாட்டு முறையையோ எச்சரிக்கையையோ போதுமான அளவு தராத உற்பத்தியாளர், அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்கிறது. டாக்ஸிக்கு வாங்கியதால் வணிக நோக்கம், நீ நுகர்வோரே இல்லை என்று உங்கள் வக்கீல் ஆரம்பிக்கலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்தச் சட்டமே வணிக நோக்கத்தில் சேர்க்கவில்லை. ஆகவே அந்த வாதத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

வாங்கிய ரசீது, லேபிளின் படம், கார் கதவின் படங்கள், பட்டறையில் எடுத்த போட்டோ, கோவைக் கடையின் மதிப்பீடு எல்லாவற்றின் நகலும் இணைத்துள்ளேன். மீதமுள்ள திரவமும் துணியும் என்னிடமே இருக்கின்றன. சோதிக்க வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள், காரையும் காட்டுகிறேன். முன்கூட்டிப் போன் செய்துவிட்டு வந்தால் நல்லது, காலையில் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.